கெப்பல்: துறைமுகத்தின் பெயரும் மனிதரின் வரலாறும்

சிங்கப்பூரின் தென்கரையில் கெப்பல் துறைமுகம், கெப்பல் சாலை என ஒரு பெயரை நாள்தோறும் உச்சரிக்கிறோம். அப்பெயருக்கு உரியவர் யார் என மாணவர்களைக் கேட்டால், 'துறைமுகத்தைக் கண்டுபிடித்த ஆங்கிலேயர்' என்பார்கள். அது பாதி உண்மையே. மறுபாதியை ஆசிரியரும் பெற்றோரும் அறிந்திருத்தல் நலம் எனக் கருதியே இதை எழுதுகிறேன்.

ஹென்றி கெப்பல் 1809ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஆல்பமார்ல் பிரபுவின் மகனாகப் பிறந்தார். அவருடைய பாட்டனாரின் தம்பி அகஸ்டஸ் கெப்பல் புகழ்பெற்ற அட்மிரல். 1822இல் சிறுவனாகவே கடற்படைப் பயிற்சியில் சேர்ந்த ஹென்றி, 1829இல் லெப்டினண்ட், 1837இல் கேப்டன் என உயர்ந்தார். அக்காலக் கடற்படையில் உயர்வு பெறத் திறமையோடு குடும்பச் செல்வாக்கும் வேண்டியிருந்தது. கெப்பலிடம் இரண்டும் இருந்தன.

'டைடோ' என்னும் போர்க்கப்பலின் தலைவராகக் கீழ்த்திசைக்கு வந்த அவர், சரவாக்கை ஆண்ட ஜேம்ஸ் புரூக்கின் நண்பரானார். 1843இலும் 1844இலும் இருவரும் சாரிபாஸ், ஸ்க்ராங் ஆற்றுப்பகுதிகளின்மேல் படையெடுத்தனர். கடற்கொள்ளையரை ஒடுக்கியதாக 1846இல் வெளியிட்ட தம் நூலில் கெப்பல் எழுதினார். அம்மக்கள் கடலில் சூறையாடியது உண்மை. அவர்களது ஊர்கள் எரிக்கப்பட்டதும், இபான் தலைவர் ரெந்தாப் 1861 வரை புரூக் ஆட்சியை எதிர்த்து நின்றதும் அதே அளவு உண்மை. ஒரு தரப்பு மட்டும் நூல் எழுதினால், மறுதரப்புக்குக் 'கொள்ளையர்' என்ற பெயரே நிலைத்துவிடுகிறது.

1848இல் 'மியாண்டர்' கப்பலில் புரூக்கை லாபுவானுக்கு அழைத்துச் சென்ற காலத்தில்தான், சிங்கப்பூருக்கும் இன்றைய செந்தோசாத் தீவுக்கும் இடையே ஆழமும் பாதுகாப்பும் கொண்ட நீர்ப்பரப்பைக் கெப்பல் கவனித்தார். நிலக்கரியில் ஓடும் நீராவிக் கப்பல்களுக்கு அத்தகைய இடம் தேவைப்பட்டது. 1852இல் பி அண்ட் ஓ நிறுவனம் அங்கே தளம் அமைத்தது. 'புதிய துறைமுகம்' வளர்ந்தது. அதன் பயனை முன்கூட்டியே உணர்ந்த பெருமை கெப்பலுக்கு உரியதே.

ஆயினும் அந்நீர்வழி அவருக்கு முன்பே பலர் அறிந்தது. ஓராங் லாவுத் எனப்படும் கடல்மக்கள் அங்கேயே படகுகளில் வாழ்ந்தனர். பதினான்காம் நூற்றாண்டுச் சீனப் பயணி வாங் தாயுவான் குறிப்பிட்ட 'டிராகன் பல் வாயில்' இதன் மேற்கு நுழைவாயிலே என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அங்கு அடையாளமாக நின்ற பாறை 1848இல் வழியை அகலப்படுத்தத் தகர்க்கப்பட்டது. 2005இல் அதன் மாதிரி லாப்ரடோர் பூங்காவில் நிறுவப்பட்டது.

கெப்பல் 1877இல் கடற்படையின் உச்சப் பதவியை அடைந்தார். 1900இல் முதுமையில் மீண்டும் சிங்கப்பூர் வந்தபோது துறைமுகத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1904இல் மறைந்தார்.

பெயரை மாற்ற வேண்டும் என்று நான் கூறவில்லை. மாணவர்களிடம் 'கண்டுபிடித்தார்' என்று சொல்வதற்குப் பதிலாக, 'ஆங்கிலேயக் கப்பல்களுக்கு ஏற்றது என உணர்ந்தார்' என்று சொல்வோம். 'அதற்கு முன் அங்கு இருந்தவர் யார்?' என்றும் கேட்கப் பழக்குவோம். வரலாற்றுப் பாடத்தின் பயன் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.