மின்சிகரெட் தடையும் மருத்துவத் துறையினரும்

மின்சிகரெட் என்பது நிக்கோட்டின் கலந்த திரவத்தைச் சூடாக்கி ஆவியாக உள்ளிழுக்கும் கருவி. 2003 இல் சீன மருந்தாளுநர் ஹொன் லிக் இதை உருவாக்கினார். சிகரெட்டுக்கு மாற்றாக வந்த இதில் பழச்சுவைகள் சேரவே, புகைத்தறியாத மாணவர்களும் பழகினர்.

தமிழ்நாடு 2018 இல் இதைத் தடை செய்தது. 2019 மே மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முழுத் தடையைப் பரிந்துரைத்தது. அவ்வாண்டே நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் ஆகியன குற்றமாயின. பயன்படுத்துவோருக்குத் தண்டனை விதிக்கப்படவில்லை.

எனவே பழகிவிட்ட மாணவர் அச்சமின்றி மருத்துவரிடம் சொல்லலாம். மருத்துவர், பல் மருத்துவர், செவிலியர் ஆகியோர் கண்டிக்காமல் கேட்டறிந்து, ஆலோசனை வழங்கி, பழக்கத்திலிருந்து மீள உதவுவதே சட்டத்திற்குப் பின்னும் எஞ்சியுள்ள பணியாகும். 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் புகையிலைப் பழக்கத்தைக் கைவிட ஆலோசனை பெறலாம்.