சென்னை மார்கழி இசைவிழா: போக நினைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வடக்கில் ‘கச்சேரி’ என்றால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது மாவட்டச் செயலகமும் அங்கு நின்ற வரிசைகளும்தான். பாட்டுக் கச்சேரி போர்க்காலத்தில் வானொலிக்குள் சுருங்கியது. மின்சாரம் இல்லாத நாட்களில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றித்தான் அதையும் கேட்டோம். ஊரடங்கு இருந்த ஊர்களில், கோயில் வீதியில் விடிய விடிய நடந்த மேளக்கச்சேரியும் இல்லாமற் போனது.

அந்தத் தலைமுறையினர் இன்று வைத்தியத்துக்கும் உறவினர் வீட்டுத் திருமணத்துக்கும் சென்னை போய் வருகிறார்கள். பயணம் டிசம்பரில் அமைந்தால் நகரமே கச்சேரி மண்டபமாக இருக்கும். அதில் பெரும்பகுதி இலவசம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

எப்படி நடக்கிறது?

1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாட்டையொட்டிச் சென்னையில் ஓர் இசை மாநாடு நடந்தது. அதன் தீர்மானப்படி 1928 இல் மியூசிக் அகாடமி உருவானது. அகாடமியின் ஆண்டு விழாவைச் சுற்றி மற்றச் சபாக்களும் விழா எடுக்க, அது நகரத்தின் இசைப் பருவமாக வளர்ந்தது. 2017 இல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரமாக அறிவித்தது.

இவ்விழாவுக்குத் தனி ஒரு அமைப்பாளர் கிடையாது. ஒவ்வொரு சபாவும் தன் நிகழ்ச்சி நிரலைத் தானே வகுத்து, நுழைவுச்சீட்டையும் தானே விற்கிறது. அகாடமியின் விழா டிசம்பர் நடுப்பகுதியில் தொடங்கிப் புத்தாண்டு நாளில் நிறைவுறும்.

எங்கே, எப்போது?

மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் டி.டி.கே. சாலையில் உள்ளன. பாரதிய வித்யா பவன் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலருகில் இருக்கிறது. கிருஷ்ண கான சபாவும் வாணி மகாலும் தியாகராய நகரில். கலாக்ஷேத்ரா திருவான்மியூரில். தமிழ் இசைச் சங்கத்தின் ராஜா அண்ணாமலை மன்றம் பாரிமுனைப் பக்கம். ஒரு நாளில் இரண்டு வட்டாரங்களுக்கு ஓடினால் பாதிப் பொழுது வீதி நெரிசலில் போய்விடும். ஒரு நாளுக்கு ஒரு வட்டாரம் போதும்.

அகாடமியில் காலையில் நடக்கும் விளக்கவுரைகளுக்குக் கட்டணமில்லை. மதியம் முதல் பிற்பகல் வரை இளங்கலைஞர்கள் பாடும் அரங்குகளும் பெரும்பாலான சபாக்களில் இலவசமே. மாலையில் மூத்த கலைஞர்களின் கச்சேரிக்குத்தான் சீட்டு வாங்க வேண்டும். சபா உணவகங்களில் சாப்பாட்டுக்கென்றே வருவோரும் உண்டு. வளசரவாக்கம் போன்ற இடங்களில் உறவினர் வீட்டில் தங்குபவர்கள் இரவு திரும்புவதற்கான வாகனத்தை முன்கூட்டியே யோசித்து வைப்பது நல்லது.

எங்களுக்கு நெருக்கமான மேடை

மார்கழி என்றால் எங்களுக்குத் திருவெம்பாவை. பள்ளிக்கூடத்தில் தேவாரம் படித்தவர்களுக்கு மிக நெருக்கமாக இருக்கக்கூடியது தமிழ் இசைச் சங்கத்தின் மேடை. தெலுங்கு, சமஸ்கிருதப் பாடல்களே கச்சேரிகளை நிறைத்திருந்த காலத்தில், தமிழ்ப் பாடல்களுக்கு இடம் கேட்டு 1943 இல் தொடங்கிய சங்கம் அது. தேவாரப் பண்கள் பற்றிய ஆய்வரங்கையும் அது நடத்தி வருகிறது.

ஆனால் நாங்கள் தேடும் நாதஸ்வரமும் தவிலும் சபாக்களில் பெரும்பாலும் தொடக்க நாள் மங்கல இசையோடு நின்றுவிடுகின்றன. தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியை (1933–1975) தமிழ்நாடு தலைமேல் வைத்துக் கொண்டாடியது. அந்த மரபிலிருந்து போகிறவர்களுக்கு இந்தக் குறை கண்ணில் படாமல் இராது. மேடை யாருக்கு என்ற கேள்வி அங்கும் உண்டு. டி.எம். கிருஷ்ணா 2015 இல் இவ்விழாவில் பாடுவதை நிறுத்தினார். 2024 இல் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருதை அறிவித்தபோது கலைஞர்கள் சிலர் விழாவைப் புறக்கணித்தனர். போருக்குப் பின் வடக்கே வந்து பாடியவர் என்பதால் அவர் பெயர் இங்கும் பலருக்குத் தெரியும்.

பறை முதலான கிராமியக் கலைகளைக் காண விரும்புபவர்கள் பொங்கல் வரை தங்கலாம். 2007 இல் தொடங்கி, இடையில் நின்று, 2023 இல் மீண்டும் வந்த சென்னை சங்கமம் பூங்காக்களிலும் திறந்தவெளிகளிலும் நடக்கிறது. அதற்கும் கட்டணமில்லை.

பயணம்

பலாலி–சென்னை விமான சேவை 2019 இல் தொடங்கித் தடைப்பட்டு, 2022 டிசம்பரில் மீண்டும் ஆரம்பித்தது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம். இந்திய விசாவை முன்னதாகவே எடுத்துவிட வேண்டும். மார்கழி மழைக்காலம் என்பதால் காங்கேசன்துறை–நாகபட்டினம் கப்பலை நம்பித் திட்டமிட வேண்டாம்.

மாலைக் கச்சேரி முடிய இரவு ஒன்பது மணி தாண்டும். பொழுதுபட்டால் வீட்டுக்குள் அடங்கி வளர்ந்தவர்களுக்கு, அந்த நேரத்தில் பயமில்லாமல் சனத்தோடு சனமாகப் பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டு வெளியே வருவதே புதிதாக இருக்கும். முடிந்தால் அம்மா, அப்பாவையும் கூட்டிச் செல்லுங்கள்.