எல்மினாவில் இரண்டு முறை

கம்போங் மேடானில் விமானச் சத்தம் கேட்டால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. சுபாங் பக்கம்தானே, பழகிப்போச்சு.

1977 செப்டம்பர் 27. சுபாங்கில் இறங்க வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் எல்மினா தோட்டத்துக் குன்றில் மோதியது. 34 பேர் இறந்தார்கள். ஓடுபாதை கண்ணில் படாமலே, குறைந்தபட்ச உயரத்துக்கும் கீழே இறக்கியிருந்தார் விமானி.

2023 ஆகஸ்ட் 17. தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. லங்காவியிலிருந்து வந்த சிறிய ஜெட் எல்மினா சாலையில் விழுந்தது. உள்ளே 8 பேர், சாலையில் 2 பேர். தரை தொட்டபின் மட்டுமே திறக்கவேண்டிய இறக்கைத் தடுப்புகள் நடுவானில் திறக்கப்பட்டதாக விசாரணை சொன்னது.

இரண்டு முறையும் விதி இருந்தது. விமானிக்கு அது கைவந்திருக்கிறதா என்று பறக்கும் முன்பே பார்ப்பதுதான் கண்காணிப்பு. விழுந்தபின் எழுதுவது வெறும் ரிப்போர்ட். சாலையில் போன அந்த இருவரும் டிக்கெட்கூட வாங்கவில்லையே.