வலமா, இடமா, நடுவா?

ஒரு மலையைச் சுற்றி நடக்கப் புகுவோர், எப்பக்கமிருந்து தொடங்குவது என்று தமிழ்நாட்டில் பெரும்பாலும் கேட்பதில்லை. 'வலம் வருதல்' என்னும் சொல்லே விடையாகி நிற்கிறது. மலை நம் வலக்கைப் பக்கம் இருக்க நடக்கவேண்டும். திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் பாதையிலும், எங்கள் அரிமளத்துக் கோயில் பிராகாரத்திலும் அதுவே முறை. ஆனால் மலையை அடையுமுன்னரே வழி பிரிந்தால் என் செய்வது? அவ்வினாவைச் சிலப்பதிகாரம் எழுப்பிய இடம் எம் மாவட்டத்திலேயே இருக்கிறது.

மாணவர் சிலருடன் கொடும்பாளூர் சென்றிருந்தோம். மூவர் கோயிலில் இன்று எஞ்சியுள்ள இரு விமானங்களைக் கண்டபின், நிழலில் அமர்ந்து காடுகாண் காதையைப் பேசினோம். உறையூரைக் கடந்து வரும் கோவலன், கண்ணகி, கவுந்தியடிகள் மூவருக்கும் மாங்காட்டு மறையவன் மதுரைக்கு வழி சொல்கிறான். கொடும்பாளூர்க் குளக்கரையை அடைந்தால் பாதை சூலம்போல மூன்றாகப் பிரியும் என்கிறான்.

வலப்பக்க வழி வறண்டது; சிறுமலை தோன்றியதும் அதனை வலங்கொண்டு செல்லவேண்டும். இடப்பக்க வழி வயலும் சோலையும் சூழ்ந்தது. அது திருமால் குன்றத்துக்கு, அதாவது அழகர்மலைக்குக் கொண்டுசெல்லும். அங்கே ஒரு பிலமும், அதனுள் மூன்று பொய்கைகளும் உண்டு. ஒன்றில் மூழ்கினால் ஐந்திர இலக்கணம் விளங்கும். மற்றொன்றில் பழம்பிறப்பு தெரியும். மூன்றாவதில் நினைத்தது கைகூடும். நடுவழியே செம்மையானது, எனினும் அங்கே ஒரு தெய்வம் இனிய உருவில் தோன்றி வழிச்செல்வோரைத் தடுக்கும்.

"மூன்றும் மதுரைக்குத்தானே ஐயா, பிறகு ஏன் இத்தனை விளக்கம்?" என்றார் ஒரு மாணவர். நல்ல கேள்வி.

விடை கவுந்தியடிகளிடம் இருக்கிறது. பொய்கைகளின் பயன் எதுவும் தமக்கு வேண்டுவதில்லை என்கிறார் அவர். ஐந்திரம் அருகன் நூலிலேயே உண்டு. முற்பிறப்பின் வினை இப்பிறப்பிலேயே தெரிகிறது. வாய்மை வழுவாது பிற உயிரைப் பேணுவார்க்கு எய்தாத பொருள் ஏது என்பது அவர் வாதம். வழி தரும் பரிசு அவருக்குப் பொருட்டன்று. நடப்பவரின் ஒழுக்கமே பொருட்டு.

மூவரும் நடுவழியில் நடக்கின்றனர். நீர் பருகச் சென்ற கோவலன்முன் வனதெய்வம் வயந்தமாலை வடிவில் வந்து நிற்கிறது. கொற்றவை மந்திரத்தால் அவன் மீள்கிறான். மாதவியை நினைவூட்டும் அவ்வுருவை வென்றவன், மதுரையில் சிலம்பு விற்கப் போய்க் கொலையுண்டான்.

வலம் போயிருந்தால் சிறுமலையைக் கண்டிருப்பான். இடம் போயிருந்தால் பொய்கையில் மூழ்கியிருப்பான். எவ்வழியும் மதுரைக்கே செல்லும். எனினும் நடுவழியே அவனை அவன் பழைய வாழ்வுக்கு எதிரே நிறுத்தியது. திசையைத் தேர்வதில் முடிவு மாறுவதில்லை. இடையில் எதனைச் சந்திக்கிறோம் என்பதே மாறுகிறது. அன்று மாலை பேருந்தில் திரும்புகையில் நாங்கள் அதையே எண்ணிக்கொண்டிருந்தோம்.