பட்டம் வாங்காத மாணவரும் இரண்டு நண்பர்களும்

சென்னையிலிருந்து டெல்லிக்கு ஜி.டி.யிலோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ போகிறவர்கள் எல்லோரும் டோர்ணக்கல் என்ற ஜங்ஷனைத் தாண்டித்தான் போகிறோம். கம்மம் முடிந்து வாரங்கல் வருவதற்கு முன்னால் வரும். அநேகமாகப் பாதித் தூக்கத்தில் இருப்போம். அந்த ஊரில் ஒரு பெரிய தேவாலயம் இருக்கிறது. அதன் வளாகத்தில் ஒரு திருநெல்வேலிச் சீமைக்காரரின் கல்லறையும் இருக்கிறது. வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய பிஷப். பிழைப்புக்காக வெளிமாநிலம் வந்து சேர்ந்த நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய மனிதர் என்று நான் நினைக்கிறேன். பிஷப் ஆனதற்காக அல்ல. அதற்கு முந்தைய கதைக்காக.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கிறிஸ்தவன் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் சேர்ந்தவன். செகந்திராபாத்தில் குடியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் கிளை ஆய்வுக்காக அந்தப் பக்கம் போனபோது, வேலை சீக்கிரம் முடிந்ததால் சும்மா அந்தத் தேவாலயத்தைப் பார்க்கப் போனேன். தூண்களைப் பார்த்தால் நம்மூர்க் கோயில் மண்டபம் மாதிரி இருக்கிறது. மேலே பார்த்தால் மசூதி மாதிரி குவிமாடம். கல்லறையில் ஒரு தமிழ்ப் பெயர். இவர் எப்படி இங்கே வந்தார் என்று கேட்க ஆரம்பித்து, கிடைத்த புத்தகங்களை எல்லாம் படித்தேன். படித்ததில் என்னை மிகவும் பிடித்துக்கொண்டது அவருடைய கல்லூரிக் காலமும் நண்பர்களும் பயணங்களும்தான்.

அசரியா பிறந்தது 1874 ஆகஸ்ட் 17-ல். ஊர் வெள்ளாளன்விளை, இன்றைய தூத்துக்குடி மாவட்டம். தேரி மணலும் பனை மரமும் தவிர வேறு அதிகம் இல்லாத பூமி. அப்பா தாமஸ் வேதநாயகம் கிராமத்து குருவானவர். பையனுக்குப் பதினைந்து வயது இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அம்மாதான் வளர்த்தார். மெஞ்ஞானபுரத்தில் மிஷன் பள்ளிக்கூடம், பிறகு திருநெல்வேலி. பள்ளி நாட்களிலேயே நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு சாதிப் பிரிவுக்கு எதிராக ஒரு சங்கம் நடத்தியிருக்கிறார். அந்தக் காலத்து திருநெல்வேலியில் இது சாதாரண விஷயம் இல்லை. கோயிலுக்குள் மட்டும் அல்ல, சர்ச்சுக்குள்ளும் சாதி பார்த்த காலம் அது.

1890-களின் தொடக்கத்தில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்கு வந்தார். கிறிஸ்தவக் கல்லூரி என்றதும் நமக்குத் தாம்பரத்துக் காடுதான் ஞாபகம் வரும். கல்லூரி தாம்பரத்துக்குப் போனது 1937-ல்தான். அதற்கு முன்னால் பாரிமுனையில், ஹைகோர்ட்டுக்கு எதிரே, இன்றைக்கு என்.எஸ்.சி. போஸ் சாலை என்கிறோமே, அங்கே இருந்தது. ஆண்டர்சன் சர்ச் இன்னும் அந்த இடத்தில் நிற்கிறது. மண் பாதையும் பனங்காடும் பார்த்து வளர்ந்த பையனுக்கு அந்தக் கடைத்தெருக் கூட்டமும் துறைமுகமும் எப்படி இருந்திருக்கும்!

அப்போது கல்லூரித் தலைவர் வில்லியம் மில்லர். ஷேக்ஸ்பியர் பாடம் எடுப்பதில் பெயர் பெற்றவர். உயிரோடு இருக்கும்போதே 1901-ல் அவருக்குச் சென்னையில் சிலை வைத்தார்கள் என்றால் மாணவர்களின் அன்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவக் கல்லூரி என்று பெயரே தவிர, மாணவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். எல்லோருக்கும் தினமும் பைபிள் வகுப்பு உண்டு. ஆனால் மதம் மாறு என்று மில்லர் யாரையும் நெருக்கியவர் அல்ல. ஆகவே அசரியா தன் நம்பிக்கையோடு ஒரு சிறுபான்மை மாணவராகத்தான் அங்கே உட்கார்ந்திருந்தார். மற்றவர்களோடு வாதம் செய்து, சேர்ந்து படித்து, பழகித்தான் நாட்கள் போயிருக்கும்.

அங்கே கிடைத்த நண்பர்தான் கே.டி.பால். சேலத்துக்காரர், இரண்டு வயது சின்னவர். இரண்டு பேரையும் இழுத்தது ஒய்.எம்.சி.ஏ. 1890-ல் அமெரிக்காவிலிருந்து டேவிட் மெக்கானஹி என்பவர் வந்து சென்னையில் அதை ஆரம்பித்திருந்தார். இளைஞர்கள் கூடி ஜெபம் செய்வது, விவாதிப்பது, ஊர் ஊராகப் போய்ப் பேசுவது. கல்லூரிப் பையனுக்கு வேறு என்ன வேண்டும்?

கடைசியில் அசரியா பட்டம் வாங்காமலேயே கல்லூரியை விட்டு வெளியே வந்தார். அப்பா இல்லாத வீடு. பி.ஏ. என்ற இரண்டு எழுத்துக்கு அன்றைக்கு இருந்த மதிப்பு இன்றைய ஐ.ஐ.டி.க்குக் கூட இல்லை. தாசில்தார் உத்தியோகம் வரை கனவு காணலாம். அதை விட்டுவிட்டு 1890-களின் நடுவில் ஒய்.எம்.சி.ஏ. ஊழியராகச் சேர்ந்துவிட்டார். நம் வீட்டுப் பிள்ளை இப்படிச் செய்தால் நாம் என்ன பேசுவோம் என்று யோசித்துப் பார்த்தேன்!

1896-ல் மூன்றாவது நண்பர் வந்து சேர்ந்தார். ஷெர்வுட் எடி. அமெரிக்கர், யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர், அசரியாவைவிட மூன்று வயது பெரியவர். தமிழ் கற்றுக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார். அசரியாவும் அவரும் சேர்ந்து ஊர் சுற்றினார்கள். வெள்ளைக்காரர் என்றால் துரை, நம்மவர் என்றால் உதவியாள் என்றிருந்த காலத்தில் இவர்கள் இருவரும் சம வயது நண்பர்களாகப் பழகினார்கள். இந்தப் பழக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பயணங்களில் ஒன்றுதான் அசரியாவின் வாழ்க்கையைத் திருப்பியது. 1902-ல் ஒய்.எம்.சி.ஏ. வேலையாக யாழ்ப்பாணம் போனார். அங்கே ஒரு விஷயம் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள் 1900-லேயே சொந்தமாக ஒரு மிஷன் சங்கம் ஆரம்பித்து, கடலுக்கு இந்தப் பக்கம், தொண்டிப் பகுதியில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். நம் கரைக்கு அவர்கள் ஆள் அனுப்புகிறார்கள்! திருநெல்வேலி சபைக்கோ அப்போதே நூறு வயதுக்கு மேல் ஆகிவிட்டது. இங்கிலாந்துப் பணத்தில் பள்ளி, ஆஸ்பத்திரி, சம்பளம் எல்லாம் வாங்கிக்கொண்டிருந்த சபை, தன் கையால் யாருக்கு என்ன கொடுத்தது?

இந்தக் கேள்வியோடு ஊர் திரும்பி, அடுத்த வருடமே, 1903 பிப்ரவரி 12-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தை ஆரம்பித்தார்கள். ஆளும் நம் ஆள், பணமும் நம் பணம். வங்கிக்காரன் என்பதால் எனக்கு இந்த இரண்டாவது பாதிதான் முக்கியமாகத் தெரிகிறது. யார் பணம் போடுகிறாரோ அவர் பேச்சுதான் எடுபடும். தலைமை நம்முடையதாக இருக்க வேண்டும் என்றால் காசும் நம்முடையதாக இருக்க வேண்டும். இதை அன்றைக்கே புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

1905 டிசம்பர் 25-ல் அடுத்த கட்டம். கல்கத்தா பக்கத்தில் சேராம்பூரில், வில்லியம் கேரியின் நூலகத்தில் கூடி, நாடு முழுவதற்குமாக தேசிய மிஷனெரி சங்கம் ஒன்றை ஆரம்பித்தார்கள். அசரியாவும் பாலும் அதில் முன்னால் நின்றவர்கள். எடியும் கூட இருந்தார். வங்கப் பிரிவினையை எதிர்த்து சுதேசி இயக்கம் கொதித்துக்கொண்டிருந்த வருடம் என்பதைக் கவனியுங்கள். காற்று எல்லாப் பக்கமும்தான் வீசியது. 1907-ல் டோக்கியோவில் நடந்த உலக கிறிஸ்தவ மாணவர் மாநாட்டுக்கும் அசரியா போனார். ரஷ்யாவை ஜப்பான் வென்று இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. ஆசியாக்காரன் தன் காலில் நிற்கும் ஊரைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தார்.

திருநெல்வேலிச் சங்கம் தன் வேலைக்குத் தேர்ந்தெடுத்த இடம்தான் டோர்ணக்கல். அன்றைக்கு நிஜாம் ராஜ்யம். 1904-ல் முதல் ஆட்கள் போனார்கள். ஆட்களை அனுப்பிவிட்டு செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அசரியாவுக்குச் சரியாகப் படவில்லை. 1909-ல் குருப்பட்டம் பெற்று, ஒய்.எம்.சி.ஏ. பதவியை விட்டுவிட்டு, மனைவி அன்பு மாரியம்மாளோடு தானே டோர்ணக்கல் போய்விட்டார். 34 வயது, தெலுங்கு தெரியாது. உட்கார்ந்து படித்தார், அந்த மொழியிலேயே கடைசி வரை வேலை செய்தார். இருபது வருடமாக இங்கே இருந்தும் "எந்த்த", "ஒத்து" இரண்டை வைத்தே காலம் தள்ளும் நம் ஆட்களை எனக்குத் தெரியும். வீட்டில் யார் என்று பெயர் சொல்ல மாட்டேன்!

1910-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. சுமார் 1,200 பிரதிநிதிகள். அதில் ஆசியாவிலிருந்து போனவர்கள் இருபது பேர் கூட இல்லை. அசரியாவைப் பேசச் சொன்னார்கள். நன்றி சொல்லி உட்கார்ந்திருக்கலாம். அவர் பேசியது வேறு. மிஷனெரிக்கும் இந்திய ஊழியருக்கும் நடுவே இருப்பது சம்பளம் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் உள்ள உறவாகவே இருக்கிறது, வருடக்கணக்காகக் கூட வேலை செய்தவரைத் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு அழைக்காத மிஷனெரிகள் இருக்கிறார்கள் என்று நேருக்கு நேர் சொன்னார். பணமும் உயிரும் கூடக் கொடுத்துவிட்டீர்கள், எங்களுக்கு வேண்டியது நட்பு என்று முடித்தார். கூட்டத்தில் பலருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அந்த மாநாட்டில் இன்று வரை எல்லோரும் நினைவில் வைத்திருப்பது அந்தப் பேச்சைத்தான்.

இந்த தைரியம் எங்கிருந்து வந்தது? சமமான நட்பு எப்படி இருக்கும் என்று அவருக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது என்பதே என் பதில். பாலோடு கல்லூரியிலும் எடியோடு கிராமத்துப் பாதையிலும் அதைப் பார்த்தவர். பார்த்தவனுக்குத்தான் மற்ற இடத்தில் அது இல்லை என்பது உறைக்கும்.

1912 டிசம்பர் 29-ல் கல்கத்தாவில் பிஷப் ஆனார். அதற்கும் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ஒரு இந்தியருக்குக் கீழே வேலை செய்ய வெள்ளைக்கார மிஷனெரிகள் சிலருக்கு மனம் வரவில்லை. அவர் சாதியைச் சொல்லி முகம் சுளித்தவர்கள் நம்மவர்களிலேயே இருந்தார்கள். முதலில் ஒரு சின்னப் பகுதியைத்தான் கொடுத்தார்கள், பிறகுதான் விரிவாக்கினார்கள். அங்கே அவரிடம் வந்தவர்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா என்ற தாழ்த்தப்பட்ட மக்கள். அவர்களிடம் அவர் ஓயாமல் பேசிய நான்கு எதிரிகள்: அழுக்கு, நோய், கடன், குடி. மதமாற்றம் விஷயத்தில் 1930-களில் காந்தி அவரோடு கடுமையாக முரண்பட்டார். இருவருமே தீண்டாமையை வெறுத்தவர்கள், வழிதான் வேறு. யார் சரி என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. அதை இந்த ஒரு கட்டுரையில் நான் தீர்த்துவிட முடியாது.

எனக்கு ஆச்சரியம் தந்தது இன்னொன்று. மூன்று நண்பர்களும் கடைசியில் ஏழையின் கடன் என்ற ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். அசரியா டோர்ணக்கல்லில் கடனை ஒரு எதிரி என்று பேசினார். கே.டி.பால் 1916-ல் ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்திய தேசியப் பொதுச்செயலாளர் ஆகி, கிராமங்களில் கூட்டுறவுக் கடன் சங்கங்களை வளர்த்தார். அவர் தொடங்கிய கிராம வேலையின் தொடர்ச்சிதான் 1920-களில் வந்த மார்த்தாண்டம் மையம். மார்த்தாண்டம் தேன் வாங்கியிருப்பீர்களே, அந்தத் தேனீ வளர்ப்புக்கும் அங்கேதான் வேர். பால் 1930-ல் லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குப் போய்வந்து, 1931-ல் காலமானார். எடியோ 1936-ல் தன் அமெரிக்காவின் மிசிசிப்பியில், நிலமில்லாத கறுப்பின, வெள்ளையினக் குத்தகைக்காரர்களைச் சேர்த்து ஒரு கூட்டுறவுப் பண்ணை அமைத்தார். இரண்டு கண்டத்தில் யாரும் பேசிவைத்துச் செய்ததாகத் தெரியவில்லை. இளமையில் சேர்ந்து நடந்த கிராமங்கள் மனதிலிருந்து போகவில்லை போலும்.

நான் பார்த்த அந்தத் தேவாலயம் 1939 ஜனவரி 6-ல் திறக்கப்பட்டது. கட்டி முடிக்க இருபது வருடத்துக்கு மேல் ஆனது. ஐரோப்பிய பாணியில் கட்ட அசரியா விரும்பவில்லை. இந்த மண்ணில் நிற்பது இந்த மண்ணுடையதாகத் தெரிய வேண்டும் என்று நினைத்தார். 1945 ஜனவரி 1-ல் அங்கேயே காலமானார். திருநெல்வேலிக்குத் திரும்பிப் போகவில்லை.

வெளியூரில் இருக்கும் நாம் தமிழ்ச் சங்கம் வைக்கிறோம், பொங்கல் விழா நடத்துகிறோம், பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறோம். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் பக்கத்து ஃபிளாட்டுத் தெலுங்குக்காரரோ மராட்டிக்காரரோ பஞ்சாபிக்காரரோ நம் வீட்டில் கடைசியாக எப்போது உட்கார்ந்து சாப்பிட்டார்? வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குத் தனி டம்ளர் வைத்திருக்கிறோமா? எடின்பரோவில் அசரியா அந்தத் துரைமார்களிடம் கேட்டது, நம்மிடமும் கேட்கக் கூடியதுதான். இந்த ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவரைச் சாப்பிடக் கூப்பிடுங்கள். சாம்பார் வைத்தால் போதும்.