டைனமோவின் சுருதி

றேடியோ திருத்துகிறவனுக்கு முதற் கருவி விரல். பெட்டியைத் திறந்து வொலியூம் கொன்ட்ரோலின் நடுக்காலைத் தொட்டால் ஸ்பீக்கர் உறும வேண்டும். உறுமினால் அம்பிளிபயர் நல்லாயிருக்கு. பழுதை அதற்கு முன்னால் தேடலாம். அந்த உறுமல், வீட்டு வயர்களிலிருந்து எங்கள் உடம்பில் ஏறுகிற 50 ஹேர்ட்ஸ்.

1990 ஜூனில் சண்டை மறுபடி மூண்டு கரண்ட் நின்றபோது அந்த 50 ஹேர்ட்ஸும் போய்விட்டது. சுன்னாகம் மின்நிலையம் பக்கத்தூரில் இருந்தும் எங்கள் ஊரான உடுவில் இருண்டு கிடந்தது. விரலை வைத்தால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அன்றைக்கு அலையைத் திரையில் காட்டும் ஒசிலஸ்கோப்பே கையில் இருந்திருந்தாலும், புரோபைத் தொட்டால் வெறுங்கோடுதான் தெரிந்திருக்கும்.

பற்றரியும் அரசின் தடைப்பட்டியலில். ஆனால் பிபிசி தமிழோசையையும் வெரித்தாஸ் வானொலியையும் கேட்காமல் சனம் படுக்காது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவை ரயரில் சாய்த்து, வீட்டுப் பெடியனைப் பெடல் சுற்ற விட்டார்கள். டைனமோ தருவது 6 வோல்ட், 3 வாட், அதுவும் ஆடலோட்டம். அதை நேரோட்டமாக்க நான்கு டயோட், ஒரு கண்டென்சர். எல்லாம் செத்த டிவிகளிலிருந்து கழற்றியவை. ஈயம் ஒட்டும் இரும்பைச் சிரட்டைக் கரியில் காய்ச்சினோம்.

பழுது பார்க்கக் காதே போதும். நான்கு டயோட்டும் சரியென்றால் ஸ்பீக்கரில் இரைச்சல் மெல்லிசாக, உயர்ந்த சுருதியில் வரும். ஒன்று போய்விட்டால் அலையில் பாதி கிடையாது: அதே வேகத்தில் சுற்றினாலும் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கி, இரைச்சல் தடிக்கும். கண்டென்சர் காய்ந்திருந்தால் சுருதி மாறாது, சத்தம் மட்டும் கூடும். தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பேர்போன இணுவில் அடுத்த ஊர். ஸ்தாயி இறங்கினது இங்கே யாருக்குத்தான் பிடிபடாது? 1995 ஒக்டோபர் 30 இரவு எங்கள் வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது இந்தச் சுற்றுகளும் சைக்கிளோடு போயின.

ஒசிலஸ்கோப்பை நாங்கள் கண்டது பௌதிகப் புத்தகத்தில், 'கதோட்டுக் கதிர் அலைவுகாட்டி' என்ற பெயரில். பௌதிக விஞ்ஞானி பிரௌன் 1897இல் செய்த குழாயின் வாரிசு அது. இப்போது கைத்தொலைபேசி அளவில் ஒன்று என் மேசையில் கிடக்கிறது. பழைய டைனமோவைப் பூட்டி ஒரு டயோட்டைக் கழற்றினேன். திரையில் ஒன்றுவிட்டு ஒரு மேடு காணாமற் போயிற்று. சுருதி இறங்கியதன் படம்.

இன்றைக்குத் திருத்த வருவதோ போன் சார்ஜரும் எல்.ஈ.டி. விளக்கும். அவை பல்லாயிரம் ஹேர்ட்ஸில் துடிக்கின்றன, காதுக்கு எட்டாது, ஸ்கோப்தான் வேண்டும். பழக வருகிற பெடியன்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன்: மேசை ஸ்கோப்பென்றால் அதன் எர்த் கிளிப்பைச் சார்ஜரின் மெயின்ஸ் பக்கத்தில் கொழுவாதே, வெடிக்கும்.