பல்கலைக்கழக வளாகங்களில் சூறாவளி முன்னேற்பாடு (அமெரிக்கா)

அட்லாண்டிக் பெருங்கடலில் ஹரிக்கேன் எனப்படும் சூறாவளிகளின் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அமெரிக்காவின் தென்கரைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆகஸ்டு மாதம் கல்வியாண்டு தொடங்கும். ஆகவே புதுமுக மாணவர்கள் பெட்டியோடு விடுதிக்கு வந்து இறங்குவதும் புயல்கள் உச்சம் கொள்வதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான்.

பலத்த காற்று தொடங்கச் சுமார் 48 மணி நேரம் இருக்கும்போது கண்காணிப்பு அறிவிப்பும், 36 மணி நேரம் இருக்கும்போது எச்சரிக்கையும் வெளிவரும். இவற்றை வெளியிடும் தேசியச் சூறாவளி மையமே மயாமியில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில், புளோரிடா இன்டர்நேஷனல் பல்கலைக்கழகத்தில்தான், இயங்குகிறது. பல ஆயிரம் பேரை வெளியேற்ற இந்த 48 மணி நேர அவகாசம் போதாது. யார் சொந்த ஊர் போவார், யாருக்குப் பேருந்து வேண்டும் என்பதைப் பருவம் தொடங்கும் முன்பே கேட்டு எழுதி வைத்தால்தான் உண்டு. போக இடமில்லாதவர்களில் முதலில் நிற்பவர்கள் வெளிநாட்டு மாணவர்கள். கடவுச்சீட்டும் விசாத் தாள்களும் மருந்தும் நீர் புகாத பையில் அவர்கள் கையோடு இருக்க வேண்டும்.

நியூ ஆர்லியன்சின் துலேன் பல்கலைக்கழகத்தில் 2005 ஆகஸ்டு 27, சனிக்கிழமை, புதுமுக மாணவர்கள் விடுதிக்கு வரும் நாள். சூறாவளி நெருங்கியதால் வந்தவர்களிடம் அன்றே கிளம்பச் சொன்னார்கள். வேறு போக்கிடம் இல்லாதவர்கள் மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் பேருந்தில் கொண்டுசெல்லப்பட்டனர். 29-ஆம் தேதி அந்தச் சூறாவளி, கத்ரீனா, தாக்கியது. நகரின் வெள்ளத்தடுப்புக் கரைகள் உடைந்தன. துலேன் நூலகத்தின் நிலவறை மூழ்கியது. அந்தக் கல்விப் பருவம் முழுவதும் வளாகம் மூடிக் கிடக்க, மாணவர்கள் நாடெங்கும் உள்ள பிற கல்லூரிகளில் படித்தார்கள். வகுப்புகள் மீண்டும் தொடங்கியது 2006 ஜனவரியில். 2021-இல் அதே ஆகஸ்டு 29 அன்று ஐடா சூறாவளி வந்தது. மின்சாரம் போன நகரிலிருந்து மாணவர்களைத் துலேன் ஹூஸ்டனுக்குப் பேருந்துகளில் அனுப்பியது.

காற்று மணிக்கு 119 கி.மீ. வேகத்தை எட்டினால்தான் ஹரிக்கேன் என்ற பெயர் கிடைக்கும். வேகத்தை வைத்தே ஒன்று முதல் ஐந்து வரை வகை பிரிக்கிறார்கள். மழைக்கு அதில் கணக்கே இல்லை. முன்னேற்பாட்டில் பெரிய ஏமாற்று இதுதான். 2001 ஜூனில் ஹூஸ்டனைத் தாக்கிய அலிசன் அந்தப் பெயரையே எட்டாத புயல். ஆனாலும் அதன் மழைநீர் டெக்சாஸ் மருத்துவ வளாகத்தின் நிலவறைகளில் புகுந்தது. அங்குள்ள பெய்லர் மருத்துவக் கல்லூரியில் ஆய்வுக்காக வளர்த்த 30,000-க்கும் மேற்பட்ட விலங்குகள் மூழ்கி இறந்தன. எலிக்கூடுகளையும் மின் பலகைகளையும் நிலவறையில் வைத்ததற்குக் காற்றைக் குறை சொல்ல முடியாது. பிறகு அந்த வளாகத்தில் வெள்ளத் தடுப்புக் கதவுகள் பொருத்தப்பட்டன. 2017-இல் ஹார்வி புயலின் பெருமழை நகரையே மூழ்கடித்தபோது அந்தக் கதவுகள் தாங்கின.